குவாதலூப்புத் தீவின் கடற்கரைகள்

தீவிற் பிறந்து தீவில் வளர்ந்த நமக்குக் கடல் புதியதொன்றன்று. காரைநகர்க் கரையில் விளையாடியவரும், கீரிமலையில் நீராடியவரும், பண்ணைக் கரையில் நின்று மாலைக் காற்றை நுகர்ந்தவரும் இம்மலரை வாசிப்போருட் பலர். ஆயினும், கடலை அறிவோம் என்னும் அவ்வெண்ணமே பிற நாட்டுக் கரையில் நமக்குப் பகையாதலும் உண்டு. ஆழங் குறைந்த பரவைக் கடலிற் பழகிய கால், பெருஞ் சமுத்திரத்தின் எதிரே தன் பழக்கத்தை நம்பி ஏமாந்து போகும். விடுமுறையை இன்பமாகக் கழிக்கச் சென்ற இடத்திலே பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் நம்மவரிடையேயும் இல்லாமலில்லை.

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பாரிசு, இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிற் குடியிருக்கின்றனர். குளிர்காலத்தில் வெயிலை நாடி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்வோரும் அவர்களுள் உளர். பாரிசில் வாழும் உறவினரோடு ஒரு சித்திரை விடுமுறையில் நாமும் பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவாகிய குவாதலூப்பிலே இரு வாரம் தங்கும் வாய்ப்பைப் பெற்றோம். அங்கே கண்டவற்றையும், கரைவாழ் மக்களிடம் கேட்டவற்றையும், நூல்களிற் கற்றவற்றையும் சேர்த்து, இனிச் செல்வோர்க்குப் பயன்படுமாறு இங்குத் தருகின்றோம். இக்கட்டுரை சொல்ல வந்தது ஒன்றே. கரையை அறிந்தவரைக் கேட்டு, அதன்பின் கடலில் இறங்குக என்பதே அது.

தீவின் அமைப்பும் பெயரும்

கடற்கரையைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில், நிலம் எத்தகையதோ கரையும் அத்தகையதே.

குவாதலூப்பு, கரீபியக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் பிரிக்கும் தீவுத் தொடரில், வட அகலக்கோடு 16 பாகையை அடுத்து உளது. சார்ந்த சிறு தீவுகளையும் சேர்த்து அதன் பரப்பு ஏறக்குறைய 1,630 சதுர கிலோமீற்றர். நமது யாழ்ப்பாண மாவட்டத்தினும் ஒன்றரை மடங்குக்குச் சிறிது மிகையானது என்று கொள்ளலாம். பழங்குடிகள் அதனைக் கருக்கேரா என்று அழைத்தனர். அழகிய நீருடைய தீவு என்பது அச்சொல்லின் பொருள் என்பர். கொலம்பசு தமது இரண்டாவது பயணத்தில், 1493 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4 ஆந் திகதி அங்கு வந்து, ஸ்பெயின் நாட்டுத் திருத்தலம் ஒன்றின் பெயரை அதற்கு இட்டனர். 1946 ஆம் ஆண்டு தொடக்கம் அது பிரான்சு தேசத்தின் மாவட்டங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

படத்தில் நோக்கின், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அத்தீவு தோன்றும். கீழ்ச்சிறகு கிராந்தெர், மேற்சிறகு பாஸ்தெர். இரண்டினையும் பிரிப்பது ஓர் ஒடுங்கிய கடற்கால்வாய். அதற்கு அந்நாட்டார் இட்ட பெயரைத் தமிழாக்கின் உப்பாறு என்றாகும். நமது குடாநாட்டிலும் ஓர் உப்பாறு உண்டன்றோ! கிராந்தெர் நமது குடாநாட்டைப் போன்றே தாழ்ந்த சுண்ணக்கல் நிலம். பாஸ்தெர் எரிமலையால் ஆகியது. அங்கே காடடர்ந்த மலைகளும், ஆறுகளும், 1,467 மீற்றர் உயரமுள்ள சூப்ரியேர் என்னும் எரிமலையும் உள. சூப்ரியேர் என்பதற்குக் கந்தகமலை என்று பொருள் கூறலாம். அம்மலை இன்றும் அவிந்துவிடவில்லை. 1976 ஆம் ஆண்டு அது குமுறியபோது எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் தம் வீடுகளை விட்டு நீங்கினர்.

இங்கே ஒரு புதிர் உளது. கிராந்தெர் என்றால் பெருநிலம். பாஸ்தெர் என்றால் தாழ்நிலம். ஆனால், பெருநிலம் எனப்படுவது சிறியது. தாழ்நிலம் எனப்படுவதிலேதான் மலை நிற்கின்றது. இப்பெயர்கள் தரையில் நின்று இட்டவையல்ல, மரக்கலத்தில் நின்று இட்டவை. காற்று எந்தக் கரைக்கு ஒதுங்கி வீசுகின்றதோ அதனை மாலுமிகள் தாழ்ந்த கரை என்றனர். பெருநிலமோ, அருகிலுள்ள மிகச் சிறிய தீவாகிய பெத்தித்தெர் என்னும் சிறுநிலத்தோடு ஒப்பிட்டு இடப்பட்ட பெயர் என்பர். கடலோடிகளின் அறிவு ஊர்ப்பெயராக உறைந்து கிடத்தலை இங்குக் காண்கின்றோம். அவ்வறிவே கரைக்குச் செல்வோர்க்கும் முதற்பாடம்.

காற்றும் மணலும்

ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்தே அங்குக் காற்று வீசும். பழங்காலக் கப்பல்களை ஐரோப்பாவிலிருந்து கொண்டு வந்த வியாபாரக் காற்று அதுவே. ஆதலின், கிழக்கு நோக்கிய கரைகளில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அலை தடையின்றி வந்து மோதும். மேற்கு நோக்கிய கரைகளை மலை மறைத்து நிற்பதால், அங்குக் கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். தெற்குக் கரைகள் பலவற்றின் முன்னே முருகைக்கற் பார்கள் அணையிட்டாற்போல் அமைந்திருத்தலால், அலை அங்கே வெளியில் உடைந்து, உள்ளே மெல்லிய நீர் மாத்திரம் வந்து சேரும்.

இவ்விதிக்கும் விலக்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் வட அத்திலாந்திக்கில் எழும் புயல்கள் வெகு தூரத்திலிருந்து அலைகளை அனுப்பும். அக்காலத்தில் வடக்கும் மேற்கும் நோக்கிய அமைதியான கரைகளிலும் திடீரெனப் பேரலை எழும். வானம் தெளிந்திருக்கும், காற்றும் இராது, அலையோ உயர்ந்து வரும். இதனை அறியாதவர்களே மிகவும் இடர்ப்படுகின்றனர்.

மணலும் சிறகுக்குச் சிறகு வேறுபடும். கிராந்தெரின் மணல் முருகைக்கல்லும் சிப்பியும் பொடிந்தமையால் வெண்ணிறமுடையது. பாஸ்தெரின் தென்புறத்து மணல் எரிமலைப் பாறை தேய்ந்தமையாற் கருநிறமுடையது. வடமேற்கிலோ பொன்னிறம். கருமணல் வெயிலை உறிஞ்சி நண்பகலில் அடுப்புப் போலச் சுடும். அங்குச் செல்வோர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீரை நோக்கி ஓடுதல் நன்றன்று.

சிறுவரோடு செல்லத்தக்க கரைகள்

நீந்தத் தெரியாதவரும் சிறுவரும் முதலிற் செல்லத்தக்கவை கிராந்தெரின் தென்கரையில் உள்ளவை. செந்த் ஆன் என்னும் ஊரின் நடுவிலே, சந்தைக்கு எதிராகவே ஒரு கரை உண்டு. பார் காக்கும் அந்நீர் முழங்காலளவில் வெகுதூரம் செல்லும். அதனை அடுத்துத் தென்னைகள் வளைந்து நிற்கும் கரவெல் கரையும், கிழக்கே புவா ஜொலான் என்னும் நீண்ட ஆழமற்ற கரையும் உள. விடுமுறை நாட்களிற் குடும்பங்கள் உணவுப் பானைகளோடு வந்து நாள் முழுவதும் அங்கே தங்கும். கோசியே என்னும் ஊரின் எதிரே வெளிச்சவீடு ஒன்றுடன் கூடிய சிறு தீவு உளது. வள்ளத்திற் சில நிமிடங்களில் அதனை அடையலாம்.

வடமேற்கில், போர் லூயி என்னும் மீனவர் ஊரின் சூப்ளேர் கரை மிக அமைதியானது. கரையை அடுத்துள்ள இடுகாட்டில், மணலாலான சமாதிகளைச் சுற்றிச் சங்குகளைப் பதித்திருக்கக் கண்டோம். கடலால் வாழ்ந்தவர்க்குக் கடலே மாலை சூட்டியதுபோல அது தோன்றிற்று.

பாஸ்தெரின் மேற்குக் கரையில் மாலாந்தூர் என்று ஓரிடம் உண்டு. பெயர் தமிழூர்ப் பெயர்போல் ஒலிப்பினும் அது பிரெஞ்சுப் பெயரே. அக்கருமணற் கரைக்கு எதிரே இரு சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த காப்புக் கடலும் உள. கடலாராய்ச்சியாளர் கூஸ்தோவின் பெயரால் அவ்விடம் வழங்குகின்றது. கண்ணாடி முகமூடி அணிந்து நீரில் மிதப்போர் கரைக்கு அண்மையிலேயே பேராமைகள் கடற்புல்லை மேய்வதைக் காணலாம். ஆமையைத் தொடுதலும், மேலே மூச்சுவாங்க வரும்போது அதன் வழியை மறித்தலும் கூடா. அங்குள்ள கடலாமைகள் யாவும் 1991 ஆம் ஆண்டு தொடக்கம் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. பங்குனி முதல் ஐப்பசி வரை இரவில் அவை முட்டையிடக் கரையேறும் காலமாதலின், அக்காலத்தில் மணலில் விளக்கேந்தி உலாவுதலும் தகாது.

அதே பகுதியிற் புயாந்த் என்னும் ஊர் உளது. கொதிப்பது என்பதே அப்பெயரின் பொருள். எரிமலையின் வெப்பத்தாற் சுடும் நீர் அங்கே கடலோடு கலக்கின்றது. நமது கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கடற்கரையிற் கொண்டு வைத்தாற்போல், வெந்நீரும் கடல்நீரும் கலந்த குளியலை அவ்வூரார் மாலை வேளைகளில் அநுபவிப்பர். எவ்விடத்தில் இறங்கின் உடலுக்கு ஏற்ற சூடு கிடைக்கும் என்பதை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.

கண்ணால் மாத்திரம் காணத்தக்க கரைகள்

அழகாற் சிறந்த கரைகள் யாவும் குளித்தற்கு உரியவையல்ல. கிராந்தெரின் கீழ்முனையாகிய கோட்டை முனையில், பாறைகள் இடிந்த கோட்டைபோல நிற்க, இருபுறக் கடலும் நுரைத்து மோதும். குன்றின் உச்சியிற் பெரிய சிலுவை ஒன்று உளது. ஏறி நின்று காணத்தக்க காட்சி அது; கீழே இறங்கி நீந்தத்தக்க கடலன்று. வடமுனையிலுள்ள கிராந்த் விஜியின் செங்குத்துப் பாறைகளும் அத்தகையனவே. பாஸ்தெரின் தெற்கே, துருவா ரிவியேர் என்னும் ஊரின் கருமணற் கரை காண்போர் நெஞ்சை அள்ளும். ஆனால், அங்கே அலை வலிது. வடமேற்கே, தேயே ஊரின் பொன்மணற் கரை தீவிலேயே புகழ்பெற்றது. அங்கும் கரை சட்டெனச் சரிவதால், சிறுவரைக் கைவிடாது பிடித்தல் வேண்டும்.

ஆன்ஸ் பெர்த்ரான் ஊரை அடுத்த லபோர்த் என்னும் குடாவிலே நாம் நேரிற் கண்டதொன்றை இங்குச் சொல்லுதல் பொருந்தும். எம்மோடு வந்த இளைஞர் மூவர் நீரில் இறங்க விரைந்தனர். நாம் அவர்களை நிறுத்தி, மர நிழலிலே தேங்காய்ப்பால் ஐஸ்கிறீம் விற்றுக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தியை அணுகி, எங்கே இறங்கலாம் எனக் கேட்டோம். குடாவின் நடுவே அலையற்றுக் கருநீலமாய்த் தோன்றிய ஓரிடத்தை இளைஞர் சுட்டிக்காட்டி, அதுவே அமைதியான இடம் என்றனர். முதியவள் நகைத்தாள். “பத்து நிமிடம் இருந்து பாருங்கள், பிறகு நீங்களே சொல்வீர்கள்” என்றாள். ஐஸ்கிறீமை உண்டுகொண்டு பார்த்திருந்தோம். கரையிற் கிடந்த தென்னமட்டை ஒன்றை அலை இழுத்துச் சென்றது. அம்மட்டை, இருபுறமும் அலைகள் கரையை நோக்கி வந்துகொண்டிருக்க, அந்த அமைதியான நீர்வழியே கடலை நோக்கி விரைந்து ஓடிச் சிறு புள்ளியாகி மறைந்தது. இளைஞர் ஒருவரையொருவர் நோக்கி வாய்மூடி இருந்தனர்.

இதன் காரணம் எளிது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவித்த நீர் மீண்டும் கடலுக்குச் செல்ல ஒரு வழி வேண்டும். ஆழமான ஓரிடத்தைக் கண்டு அவ்வழியே அது ஆறுபோல ஓடித் திரும்பும். ஆழமிருத்தலால் அங்கே அலை உடைவதில்லை. அலை உடையாமையால் அதுவே அமைதியான இடம்போலத் தோன்றி, அறியாதவரை அழைக்கும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டுக் களைத்தே உயிரிழக்கின்றனர். ஆதலின், அகப்படுவோர் செய்யத்தக்கது இதுவாகும்: அஞ்சாது மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, இழுக்கும் ஓட்டத்தோடு போராடாது, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தை விட்டு நீங்கி, பின்னர் அலை உடையும் இடத்தின் வழியே கரையேறுக. கரையில் நிற்போர், மிதக்கும் பொருளொன்றை எறியாமல் தாமே பாய்தல் பெரும்பாலும் இரு உயிரைப் போக்கும்.

காவலர் உள்ள கரைகளிற் கொடி பறக்கும். பச்சை இறங்கலாம் என்பதையும், மஞ்சள் எச்சரிக்கையையும், செந்நிறம் குளித்தற்குத் தடையையும் குறிக்கும். கொடியில்லாத கரையைத் தடையில்லாத கரை எனக் கொள்ளற்க. காவலில்லாத கரை என்பதே அதன் பொருள். கடலில் ஆபத்து நேரின் 196 என்னும் இலக்கத்தையும், பிற ஆபத்துக்களுக்கு 112 என்னும் இலக்கத்தையும் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும்.

நஞ்சுமரமும் செம்பாசியும்

கரையில் நிழல்தேடி அமரும்போதும் அறிவு வேண்டும். மான்சினில் என்னும் மரம் அக்கரைகளில் இயற்கையாக வளர்கின்றது. இலை பளபளப்பானது, காய் சிறிய பச்சை அப்பிள் போன்றது, மணமும் இனியது. ஆனால், அதன் பால் தோலிற் பட்டால் கொப்புளிக்கும்; கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும்; காயைக் கடித்தவர் வாயும் தொண்டையும் புண்ணாகும். மழை பெய்யும்போது அதன் கீழே ஒதுங்கின், இலையில் வடியும் நீரே உடலைச் சுடும். விறகாக எரிப்பின் புகையும் தீது. அரசினர் அம்மரங்கள் பலவற்றின் அடியிற் செந்நிற வளையம் தீட்டியுள்ளனர். செவ்வளையம் கண்டால் விலகிச் செல்க. வளையமில்லாத மரத்தையும் ஊராரைக் கேட்டே நம்புக. வட்டமான தடித்த இலையும் குலைகுலையான பழமும் உடைய கடல்முந்திரிகை மரம் தீங்கற்றது. அந்நிழலில் அமரலாம்.

நமது களப்புக் கரைகளில் வளரும் தில்லை மரமும் இம்மான்சினிலின் குடும்பத்தைச் சேர்ந்ததே. தில்லைப் பால் கண்ணைக் கெடுக்கும் என்பதை நம் கரையூர் மக்கள் அறிவர். தம்மூர்த் தில்லையை அறிந்தவர் அயலூர்த் தில்லையை அறிந்தவரைக் கேட்க நாணவேண்டியதில்லை.

அடுத்தது சர்காசம் என்னும் மிதக்கும் பாசி. 2011 ஆம் ஆண்டு தொடக்கம், அத்திலாந்திக் சமுத்திரத்தில் இப்பாசி பெருந்திரளாகப் பெருகிக் கரீபியத் தீவுகளில் வந்து ஒதுங்குகின்றது. பங்குனி முதல் ஆவணி வரை அதன் வரவு மிகுதி. கரையிற் குவிந்து இரண்டு நாட்களின்பின் அழுகத் தொடங்கும்போது, கூழ்முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு வாயு எழும். சுவாச நோயுள்ளவரும் கருவுற்ற மகளிரும் குழந்தைகளும் அப்போது அக்கரையை விட்டு அகலுதல் வேண்டும். கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிய கரைகளே இதனால் மிகவும் வருந்துகின்றன. மேற்குக் கரைக்குப் பெரும்பாலும் பாசி வருவதில்லை. ஆதலின், காலையில் எழுந்ததும் இன்று பாசி எங்கே எனக் கேட்டு, அதற்கேற்ப வழியை மாற்றுதல் அத்தீவாரின் வழக்கம். நமக்கும் அதுவே நல்வழி.

கரை யாருடையது

நாம் வியந்தவற்றுள் ஒன்று, கரை யாவர்க்கும் பொதுவாயிருத்தல். கரையோரத்தில் ஐம்பது அடிவைப்பு அகலமான நிலம், அஃதாவது ஏறக்குறைய 81 மீற்றர், மன்னராட்சிக் காலந்தொட்டு அரசுக்கென ஒதுக்கப்பட்டது. கப்பல்களையும் காவலையும் கருதி அன்று செய்த ஏற்பாடு, பின்னர் நிலமற்ற ஏழைகள் கரையிற் குடிசையிட்டு வாழ இடமளித்தது. இன்று, விலையுயர்ந்த விடுதியின் முன்னேயுள்ள மணலிலும் எவரும் துணி விரித்து அமரலாம்.

ஆனால், அம்மணலின் கீழே உறங்குவோரையும் நினைத்தல் வேண்டும். மூல் என்னும் ஊரை அடுத்த செந்த் மார்கரித் குடாவிலே, புயல் மணலை அரித்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 1997 ஆம் ஆண்டு தொடக்கம் அறிஞர் அகழ்ந்து ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான சமாதிகளைக் கண்டனர். கரும்புத் தோட்டங்களில் உழைத்து மாண்ட ஆபிரிக்க அடிமைகளின் இடுகாடு அது. சென் பிரான்சுவா ஊரின் ரேசென் கிளேர் என்னும் அழகிய குளிக்கும் கரையிலும் அத்தகைய இடுகாடு உளது. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1794 இல் அடிமைத்தனத்தை ஒழித்தனர். நெப்போலியன் 1802 இல் மீண்டும் அதனைப் புகுத்தினர். 1848 இலேயே அது முற்றாக ஒழிந்தது. விடுதலையை ஒருமுறை பெற்று இழந்தவர்களின் சந்ததியாரே இன்று அக்கரையில் நமக்கு வழி சொல்வோர்.

அடிமைகள் விடுதலையுற்றபின் கரும்பு வெட்ட ஆள் தேடிய முதலாளிகள் நம் இனத்தாரை நாடினர். புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். முதற் கப்பலாகிய ஓரெலி, 1854 ஆம் ஆண்டு மார்கழி 24 ஆந் திகதி புவாந்த்தபித்ர் துறையை அடைந்தது. 1889 வரையில் ஏறக்குறைய 42,000 இந்தியர் அத்தீவிற்குச் சென்றனர். அவர்களுட் பலர் ஒப்பந்தம் முடியுமுன்னரே மாண்டனர். கொலம்பசு இறங்கிய செந்த் மாரிக் கரையுள்ள கப்பெஸ்தெர் ஊரிலேயே, சங்ஜி என்னும் இடத்தில், வண்ணச் சிற்பங்கள் நிறைந்த அம்மன் கோயில் ஒன்று இன்று நிற்கின்றது. அவ்வூரில் 1863 இற் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார், இந்திய வமிசத்தாரும் பிரெஞ்சுக் குடிகளே என நிலைநாட்ட 1904 தொடக்கம் வழக்காடி, 1923 இல் வென்றனர். வாக்குரிமை அவர்களுக்கு அவ்வாறு கிடைத்தது.

அவர் சந்ததியார் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆயினும், சொற்கள் சில அழியாது நிற்கின்றன. வேப்பிலையை வெப்பெலெ என்கின்றனர். தீவார் யாவரும் விரும்பி உண்ணும் கறி ஒன்றுக்குக் கொலொம்போ என்பது பெயர். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு என்பவற்றை இடித்த தூளாற் சமைப்பது அது. கொழும்பு நகரின் பெயரே அது என்பாரும், குழம்பு என்னும் நம் சொல்லே திரிந்தது என்பாரும் உளர். எதுவாயினும், மொழியை இழந்த பின்னும் அடுப்பு மறவாதிருந்தது என்பது தெளிவு. மொழி கற்பிக்கும் தொழிலினராகிய நாம் அக்கறியை உண்டபோது எய்திய உணர்ச்சியை இங்கு விரித்தல் வேண்டா.

உணவும் பழக்கமும்

கரையோர வண்டிகளிற் பொக்கித் என்னும் பொரித்த ரொட்டியும், மீன்கலந்த அக்ரா என்னும் பொரியலும் கிடைக்கும். சைவ உணவினர் கருவாடு கலவாத பூசணி அக்ரா, ஈரப்பலா, வாழைக்காய், சௌசௌ என்பவற்றாலான உணவைக் கேட்டுப் பெறலாம். பனிக்கட்டியும் உப்பும் இட்ட மரவாளியிற் கையாற் சுழற்றி எடுக்கும் தேங்காய்ப்பால் ஐஸ்கிறீமைத் தவறவிடற்க.

ஈஸ்ரர் விடுமுறையில் தீவார் குடும்பங் குடும்பமாகக் கரைகளிற் கூடாரமிட்டுத் தங்கி, நிலநண்டுச் சோறு சமைத்து உண்பர். அக்காலத்திற் செல்வோர் தனிமையை எதிர்பாராது, விருந்தினராக அமைந்து நடத்தல் வேண்டும். எவரிடமும் எதனையும் கேட்குமுன் “பொன்ஜூர்” என வணக்கம் கூறுதல் அங்கு இன்றியமையாத முறை. வணக்கமின்றிக் கேட்ட கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. மீனவரையும் வியாபாரிகளையும் அநுமதியின்றிப் படம் பிடித்தலை அவர் விரும்பார்.

வாழைத் தோட்டங்களிற் பூச்சியைக் கொல்ல 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்தெக்கோன் என்னும் நஞ்சு, பாஸ்தெரின் தென்பகுதி மண்ணிலும் நீரிலும் இன்றும் கலந்துள்ளது. அதனாற் சில கரைகளில் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. பொழுதுபோக்காகத் தூண்டிலிட விரும்புவோர் இதனைக் கேட்டறிந்தே செய்க.

செல்வோர் கருத்திற் கொள்ளத்தக்கவை

தை முதல் சித்திரை வரை மழை குறைந்த காலம். ஆனி முதல் கார்த்திகை வரை சூறாவளிக் காலம். 1989 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வீசிய ஹியூகோ என்னும் சூறாவளி அத்தீவைப் பெரிதும் அழித்தது. அக்காலத்திற் செல்லுதல் தவிர்க்கத்தக்கது.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் ஒன்றை மறவற்க. குவாதலூப்பு பிரான்சின் பகுதியாயினும் செங்கன் எல்லைக்குள் அடங்காது. ஐரோப்பாவிற்கெனப் பெற்ற விசா போதும் என எண்ணாது, அம்மாவட்டத்திற்கும் அது செல்லுமோ எனப் பயணத்துக்கு முன்னரே தூதரகத்திற் கேட்க. நாணயம் யூரோ. வண்டிகள் வலப்புறம் செல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் வண்டி அரிதாதலின், பல கரைகளைக் காண விரும்புவோர் கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்துதல் நன்று. இரு சிறகுகளையும் இணைக்கும் பாலங்களிற் காலையும் மாலையும் வண்டிகள் நெருங்கி நிற்கும். அவ்வேளையைத் தவிர்க்க. கரையில் நிறுத்திய காரிற் பெறுமதியான பொருளை வைத்தல் கூடாது.

பொழுது மாலை ஆறு மணியளவிற் சாயும். அந்தி நீளாது, விரைவில் இருளும். கருந்தோலினரை வெயில் சுடாது என்னும் எண்ணம் தவறு. நீரில் மிதப்போர் மெல்லிய சட்டை அணிக. மலையருவிகளிற் குளிப்போர், மழை பெய்யக் கண்டால் உடனே வெளியேறுக. மேலே பெய்த மழை கீழே வெள்ளமாகச் சொல்லாமல் வரும்.

இவற்றையெல்லாம் ஒருவர் நினைவிற் கொள்ளுதல் அரிதெனின், ஒன்றை மாத்திரம் கொள்க. எந்தக் கரையை அடைந்தாலும், துணியை விரிக்குமுன் அங்கிருக்கும் ஒருவரை வணங்கி, மூன்று கேள்வி கேட்க: இன்று கடல் எப்படி? எங்கே இறங்கலாம்? எந்த மரத்தின் கீழ் இருக்கலாம்? மீனவரோ, வியாபாரியோ, பேரப்பிள்ளையை நீராட்ட வந்த பாட்டியோ, எவராயினும் மகிழ்ந்து விடை கூறுவர். அவ்விடை பல தலைமுறையார் உயிர்கொடுத்துக் கற்ற பாடம். அதனைப் பெறுதற்குச் செலவு ஒரு வணக்கமே. கேட்கும் பழக்கத்தைக் கல்லூரியிற் கற்ற நம் மாணவர், அயலார் கரையிலும் அதனைக் கைவிடாது, நலமே சென்று நலமே மீள்வாராக.